குடியை விட்ட மூன்றாம் நாள்

குடியை விடுவதற்காகக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளப் போகிறவர்களும், அவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே போனவள்தான். போவதற்கு முன்னால் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் எங்கள் கடைக்கு வரும் பெண்களிடம் அந்த வரியை மட்டும் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நடந்ததைச் சொன்னபோதுதான் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார்கள்.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். பி.காம். படித்தவள். என் கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறார். வெற்றிலைகூடப் போடாத மனிதர். எங்களுக்கு ஒரே மகன், சரவணன். ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் வழியாகப் பெரம்பலூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். மருமகள் தேன்மொழி. பேத்தி யாழினி ஒன்றாம் வகுப்பு.

சரவணன் முதலில் கடைசி நடை முடிந்த பிறகு குடித்தான். பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில். கடைசியில், விடிந்ததும் ஒரு வாய் உள்ளே போனால்தான் டிக்கெட் கிழிக்கக் கை நிற்கும் என்றானது. காலையிலேயே குடிக்கிறானே, எவ்வளவு திமிர் என்று நாங்கள் நினைத்தோம். அந்தக் காலைக் குடிதான் உடம்பு குடியின் பிடியில் சிக்கிவிட்டதற்கு அடையாளம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் கணவர் ஒரு வருடமாக அவனிடம் நேராகப் பேசுவதில்லை. "சோறு இருக்குன்னு சொல்லு", "லைட்ட அணைக்கச் சொல்லு" என்று எல்லாம் என் வழியாகத்தான்.

யாழினி பள்ளி ஆண்டு விழாவில் ஆடினாள். அப்பா பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்தான். வந்தான், பள்ளிக்கூடத்து வாசற்படி வரைக்கும். அங்கேயே விழுந்து கிடந்தவனை இரண்டு பேர் தூக்கி ஓரமாக உட்காரவைத்தார்கள். மறுநாள் காலையில் அவனே வந்து, "கயிறு கட்டிக்கிறேம்மா" என்றான். நாங்கள் யாரும் அவனை இழுத்துப் போகவில்லை.

செந்துறைப் பக்கம் ஒரு காட்டுக் கோயில். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வரிசையில் நிற்பார்கள். பூசாரி வலது கையில் மஞ்சள் தடவிய கயிற்றைக் கட்டி, ஒரு வருடம் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார். சரவணன் சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தை அவன் மீறவில்லை என்பதை இங்கே அழுத்தமாக எழுதிவைக்க வேண்டும். எங்கள் மகன் சாகக் கிடந்தது குடித்ததனால் அல்ல, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதனால்.

மறுநாளே கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் சட்டை நனைய வேர்வை, வாந்தி, தூக்கமே இல்லை. பார்க்க வந்த என் கணவரின் அக்காவுக்கு அதைப் பார்த்து சந்தோஷம். "உள்ள இருக்கற சனியன் வெளிய போவுது. நல்லா வேர்க்கட்டும், தொடைக்காதீங்க" என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். இவ்வளவு நாள் கழித்து வீட்டில் ஒரு நல்லது நடப்பதாக எல்லோருக்கும் முகம் தெளிந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் எழுந்து வந்தபோது சரவணன் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை மேலே தூக்கியிருந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கண் சிவந்து, பார்வை எங்கள் மேல் படாமல் எங்களைத் தாண்டிப் போனது. உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

நாத்தனார் பார்த்தார். ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றினார். "சாமி வந்துருக்குடி. கயிறு கட்டுன சாமி புள்ள மேல எறங்கிருக்கு" என்றார்.

எங்கள் ஊரில் இது வினோதமான பேச்சு இல்லை. தெருவே கூடிவிட்டது. படித்தவள் நான், என் கையும் தானாகக் கும்பிட்டது. என் கணவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தார். ஒரு வருடமாக முகம் பார்க்காத மகனின் காலில்.

எதிர்வீட்டு ராணி முன்னால் வந்து கேட்டாள். "எம் மவளுக்கு ஒரு எடம் வந்துருக்கு சாமி. முடிச்சுடலாமா?"

சரவணன் அவளைப் பார்க்காமலே சொன்னான். "இதுல எடமில்ல. அடுத்த வண்டில வாங்க."

ராணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவன் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து எதையோ கிள்ளி அவளிடம் நீட்டினான். விபூதி என்று நினைத்து அவள் இரண்டு கையையும் ஏந்தினாள். வெறும் காற்றை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டாள்.

இன்னொருவர் மாட்டைப் பற்றிக் கேட்டார். "சில்லறையா குடுங்க" என்றான். அவர் மடியிலிருந்து நாணயங்களை எடுத்து அவன் காலடியில் வைத்தார்.

தேன்மொழி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கும்பிடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். கை வைத்ததும் எடுத்துக்கொண்டாள், அப்படிக் கொதித்தது. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "அத்தை, இது சாமி இல்ல. இவரு பஸ்ல இருக்காரு."

அதன் பிறகுதான் எனக்குக் கேட்டது. அவன் உதட்டில் ஓடிக்கொண்டிருந்தது மந்திரம் இல்லை. "தத்தனூர்லாம் முன்னாடி வாங்க, கைகாட்டி ரெண்டு, படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க." மேலே தூக்கிய கை பஸ்ஸின் கம்பியைப் பிடித்திருந்தது. ஆடிய உடம்பு, ஓடாத பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

தேன்மொழி போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் வந்தது. நான்கு பேர் பிடித்தும் அவனை நகர்த்த முடியவில்லை. டிக்கெட் பாக்கி இருக்கிறது, எப்படி இறங்குவது என்று திமிறினான். தேன்மொழி உள்ளே போய் அவனுடைய விசிலை எடுத்து வந்து ஒரு முறை ஊதினாள். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து. அவன் நின்றான். "வண்டி ஷெட்டுக்குப் போவுதாம். மாத்து வண்டி வெளிய நிக்குது" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுத் தானே நடந்து வந்தான். நாங்கள் ஏறுகிற வரைக்கும் ஆம்புலன்ஸின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் ஏறிய பிறகு ஏறிக்கொண்டு, "ரைட்" என்றான். டிரைவர் வண்டியை எடுத்தார்.

பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவசரப் பிரிவில் ஒரு இளம் மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "குடிப்பாரா?"

"விட்டுட்டான் சார்" என்றார் என் கணவர். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "வெள்ளிக்கெழமலேர்ந்து ஒரு சொட்டு தொடல."

மருத்துவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "யாரக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றார்.

குடியை நிறுத்த யாரைக் கேட்க வேண்டும்? எங்களுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

புரியவைத்தவர் அன்று மாலை வார்டுக்கு வந்த மனநலப் பிரிவு டாக்டரம்மா. எங்களை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து பேசினார். பையன் என்ன வேலை என்று முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "சாராயம் மூளைக்கு ஒரு பிரேக்குங்க. நாள் முழுக்க ஒருத்தர் பிரேக்க மிதிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுனா என்ன பண்ணணும்? ஆக்சிலேட்டர இன்னும் இன்னும் அழுத்தணும். உங்க பையன் மூளை அப்படித்தான் பழகிருக்கு. வெள்ளிக்கிழமை பிரேக்குலேர்ந்து காலை எடுத்துட்டீங்க. ஆக்சிலேட்டர் அப்படியே அழுந்தி நிக்குது. இப்ப வண்டி பறக்குது."

இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர் சொன்னார். உடம்பு நடுக்கமும் மனக்குழப்பமும் சேர்ந்து வருவது. குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். சிலருக்குப் பூச்சி, எறும்பு. சிலருக்கு அவர்கள் செய்கிற தொழிலே வந்துவிடும், தையல்காரர் காற்றில் தைத்துக்கொண்டிருப்பார் என்றார். காய்ச்சல் ஏறும், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். மூளைக்கு வேறு ஒரு பிரேக்கை ஊசியாகப் போட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் ஊசி. குடிக்கிறவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்குமாம், அது இல்லாவிட்டால் ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடலாமாம்.

"திரும்பி வருவானாம்மா?" என்று கேட்டேன். உயிரோடு வருவானா என்று கேட்கவில்லை, அவனாக வருவானா என்றுதான் கேட்டேன். அவருக்கு அது புரிந்தது.

"வரணும். இன்னிக்கே சொல்ல முடியாது" என்றார்.

ஊசி போட வந்த நர்ஸுக்கு வலது கையில்தான் நல்ல நரம்பு கிடைத்தது. ஆனால் கை வீங்கி, கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. அறுக்க வேண்டும் என்றாள். என் கணவர் பதறிவிட்டார். கயிறு அறுந்தால் சத்தியம் அறுந்த மாதிரி, சாமி சும்மா விடாது. நர்ஸ் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வாதாடவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கடைசியில் இவர் கத்திரிக்கோலைத் தானே வாங்கினார். முடிச்சுக்குப் பக்கத்தில், சதையில் படாமல் வெட்டினார். வெட்டிய கயிற்றைக் கீழே போடாமல் தன் வலது கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"அவன் எந்திரிக்கற வரைக்கும் நா வச்சிருக்கேன்" என்றார், யாரையும் பார்க்காமல். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர், குடிக்கமாட்டேன் என்ற கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்து வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆண்கள் வார்டு. ஊசி மருந்து உள்ளே போனதும் அடங்குவான், வேகம் குறைந்ததும் எழுவான். ஊசிக் குழாயைப் பிடுங்கிவிடுகிறான் என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டினார்கள். "யோவ், யார்யா கையப் புடிக்கறது, டிக்கெட்டு பாக்கி இருக்கு" என்று கத்துவான். கட்டிய கைகளின் விரல்கள் மட்டும் ஓயாமல் கிழித்துக்கொண்டே இருந்தன.

பயத்துக்கு நடுவில் என்னைத் திகைக்க வைத்தது ஒன்று. அவனுக்கு என் பெயர் தெரியவில்லை. இது எந்த வருடம், என்ன இடம் என்று டாக்டரம்மா கேட்டபோது தெரியவில்லை. ஆனால் நிறுத்தங்களின் வரிசை ஒரு முறைகூடத் தப்பவில்லை. உடையார்பாளையம், தத்தனூர், கைகாட்டி, அரியலூர். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மனதுக்குள் கூடவே சொல்லிப் பார்ப்பேன். அரியலூர் வந்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான், வண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நேரம். பிறகு "பெரம்பலூர், பெரம்பலூர்" என்று ஆள் கூப்பிடுவான். திரும்பி வரும்போது அதே வரிசை தலைகீழாக வரும். பெற்றவளை மறந்த ஒரு தலைக்குள் அந்தச் சாலை மட்டும் ஒரு பள்ளம்கூடக் குறையாமல் கிடந்தது. இத்தனை பெரிய ஒன்றை இவ்வளவு சிறிய மண்டைக்குள் யார் வைத்தது என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருப்பேன். அதே மண்டைதான் அவனைக் கொன்றுகொண்டும் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர். பிள்ளைகள் எல்லாம் துபாயில். சர்க்கரையால் காலில் புண் வந்து படுத்திருந்தார். முதல் நாள் சரவணன் கத்துவதைப் பார்த்துப் பயந்தவர், இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, லெப்பைக்குடிக்காடு ஒன்னு குடுங்க" என்றார்.

சரவணன் உடனே அவர் பக்கம் திரும்பினான். "இந்த வண்டி அந்தப் பக்கம் போவாது பாய். பெரம்பலூர்ல எறங்கி வேற வண்டி மாறிக்கங்க."

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய் என்னிடம். "புத்தி பெசகுனாலும் புள்ள வழி தப்பாச் சொல்லலம்மா."

அதன் பிறகு வார்டே பஸ்ஸில் ஏறிக்கொண்டது. யாராவது ஊர் பெயர் சொல்லி டிக்கெட் கேட்டால் அவன் அமைதியாக இருக்கிறான், கத்துவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கால் ஒடிந்தவர், மூச்சிரைப்புக்காரர், அவர்களுக்குச் சோறு கொண்டுவந்த பெண்கள், எல்லோரும் போகிற போக்கில் ஆண்டிமடம் ஒன்று, செந்துறை இரண்டு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "ஆண்டிமடம்னா ஜெயங்கொண்டத்துல மாறணும்" என்று பொறுப்பாகச் சொல்வான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வெளியே வராந்தாவுக்குப் போய்ச் சிரித்தார்களோ என்னவோ.

என் கணவர் மட்டும் கட்டிலின் கால்மாட்டோடு நின்றுகொள்வார். வார்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம், நான் கஞ்சி வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது பார்த்தேன். சரவணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, உங்களத்தான். எங்க போவணும்?"

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கன்னு சொல்லுங்க. ஏறி இவ்வளவு நேரம் ஆச்சு, டிக்கெட்டு வாங்காம நிக்கறீங்க."

"அரியலூர்" என்றார் இவர். ஒரு வருடத்துக்குப் பிறகு மகனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"ஒருத்தரா?"

"ஒருத்தன்தான்."

கட்டிய கையின் விரல்கள் கிழித்தன. இவர் குனிந்து அதை வாங்கினார். வாங்கிய விரல்களைப் பிரிக்காமல் சட்டைப் பைக்குள் கொண்டுபோய் வைத்தார். பிறகு வெளியே போய்விட்டார். நான் கஞ்சியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது இவர் கேட்டார். அடக்கமாகத்தான் ஆரம்பித்தார். "இது நோய்ங்கறீங்களா டாக்டர்? காசம், கேன்சர் மாதிரி? யாரும் இவன் வாயில ஊத்தல. இவனாத்தான் நடந்துபோய் வாங்கிக் குடிச்சான். திமிருக்கு நோய்னு பேரு வச்சுட்டா, நாளைக்கு ஊர்ல இருக்கற அத்தன பேரும் சீட்டு எழுதி வாங்கி வச்சுக்கிட்டுக் குடிப்பான்."

நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "சரியான கேள்விதாங்க. எங்களுக்குள்ளயே இந்தப் பேச்சு ஓயல. நோய்னுதான் நான் நினைக்கிறேன். எல்லா நோயும் மாதிரியான நோய் இல்லன்னும் நினைக்கிறேன். மொதல்ல குடிச்சது அவர் கையில இருந்துச்சு. எங்கயோ ஒரு எடத்துல கை மாறிடுச்சு. அது எந்த எடம்னு அவராலயும் காட்ட முடியாது, என்னாலயும் காட்ட முடியாது. உங்க பையன் வெள்ளிக்கிழமை திமிரயெல்லாம் விட்டுட்டாரே, அப்பறம் எதுக்கு இங்க படுத்திருக்காரு?"

பதில் சொன்னது தேன்மொழி. அதுவரை சுவரில் சாய்ந்து நின்றவள்.

"நோய்னு சொல்லிட்டா நா யார் மேல கோவப்படறது டாக்டர்? எம் பொண்ணு மேடையில ஆடிட்டு, அப்பா எங்கம்மான்னு தேடுனா. படியில கெடந்தது நோயா, எம் புருசனா?"

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "கோவப்படுங்க. கோவப்படக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. அவர் எந்திரிச்சதும் அவர்கிட்டயே சொல்லுங்க. அவருக்கு அது தெரியணும்."

பாய் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா போனதும் சொன்னார். "எங்க மார்க்கத்துல அது ஹராம்மா, பாவம். அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஆனா மவன் துபாய்லேர்ந்து அனுப்புன மிட்டாயப் பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சுவச்சுத் தின்னுதான் இந்தக் கால் இப்படி ஆச்சு. என்னயப் பாக்க வர்றவங்க எல்லாம் பழம் வாங்கிட்டு வர்றாங்க. உங்க புள்ளயப் பாக்க ஒரு ஆளும் வரல பாத்தீங்களா?"

உண்மைதான். யாரும் வரவில்லை. காலில் விழுந்து குறி கேட்ட தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாய் தனக்கு வந்த ஆரஞ்சுப் பழங்களில் இரண்டை எங்கள் பக்கம் உருட்டிவிட்டார்.

பிறகு ஒரு நாள் அவன் தூங்கினான். மருந்தில் மயங்கிக் கிடப்பதற்கும் தூங்குவதற்கும் வித்தியாசம் தெரிகிறது, தாய்க்குத் தெரியும். விரல்கள் நின்றிருந்தன. மறுநாள் வெயில் ஏறிய பிறகு கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, என்னைப் பார்த்தான்.

"அம்மா, இன்னிக்கு வண்டிக்கு யார் போனா?"

நான் ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். அவன் பெயர், என் பெயர், யாழினி படிக்கும் வகுப்பு எல்லாவற்றையும் டாக்டரம்மா கேட்டார். எல்லாம் சொன்னான். கோயிலில் கயிறு கட்டியது ஞாபகம் இருந்தது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கை வெறுமையாக இருப்பதைப் பார்த்து முகம் வெளுத்தது. "கயிறு எங்கம்மா? நா குடிச்சேனா?" என்று கேட்டான். கால்மாட்டில் நின்ற இவர், தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

நடந்ததையெல்லாம் தேன்மொழிதான் அவனிடம் சொன்னாள். ராணிக்குக் குறி சொன்னதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. பிறகு ஆண்டு விழாவைப் பற்றிச் சொன்னாள். அப்போது நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் அழுது ஓய்ந்திருந்தார்கள். அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "நோய்னே வச்சுக்க தேனு. டாக்டர் சொன்னா சரிதான். ஆனா கடைக்கு நடந்த காலு என்னுதுதான். அதயும் நோய்னுட்டா, நாளைக்கு நடக்காம இருக்கறது யாரு?"

இந்த விவாதத்தில் நான் கேட்ட பேச்சுகளில் என் மனதில் தங்கியது அதுதான். அதைச் சொன்னவன் படுக்கையில் கிடந்தவன்.

வீட்டுக்கு வந்து சில மாதங்களாகின்றன. தேன்மொழி காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் நிற்கிறாள். குறிப்பிட்ட நாளில் பெரம்பலூர் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மறுபடி குடிக்க வாய்ப்பு உண்டு, குடித்தால் ஒளிக்காமல் அழைத்து வாருங்கள் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நான் தினமும் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் திரிகிறேன். அவன் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் தண்ணீர் தளும்புகிறதா என்று என் கண் போகிறது. போகாதே என்றாலும் போகிறது.

கடையில் பெண்கள் கேட்கிறார்கள். நோய்தான் என்கிறவர்கள் பாதி, என் வீட்டுக்காரனுக்கு மட்டும் அது நோய் இல்லை, கொழுப்பு என்கிறவர்கள் பாதி. என் கணவர் கையில் இன்னும் அந்தக் கயிறு இருப்பதைப் பார்த்துவிட்டு, "அவருமா குடிச்சாரு? பாத்தா தெரியாதே" என்று ஒருத்தி ரகசியமாகக் கேட்டாள். ராணி வந்தாள். வந்த இடத்தை வேண்டாமென்று விட்டுவிட்டார்களாம், அடுத்து வந்த இடம் நன்றாக அமைந்துவிட்டதாம். "சாமி வாக்கு பலிச்சுடுச்சு" என்றாள். நடந்தது என்ன என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும்க்கா, சொன்னது பலிச்சுதுல்ல" என்று பருப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

சரவணன் மறுபடி வண்டிக்குப் போகத் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், எனக்கு அரியலூரில் அலுவலகக் கூட்டம். இவருக்கு ஆலையில் வேலை. இருவரும் உடையார்பாளையத்தில் அவன் வண்டியிலேயே ஏறினோம். பேச்சு இருந்த காலத்திலும் மகன் வண்டி என்று இவர் ஒரு நாளும் ஓசியில் வந்ததில்லை. வேறு பஸ்ஸில் ஏறுவது போலவே சரியான சில்லறையை எண்ணி வைத்திருப்பார்.

கூட்டத்தில் நெருக்கி வழிவிட்டுக்கொண்டு சரவணன் எங்கள் இருக்கைக்கு வந்தான். "அரியலூர் ரெண்டாப்பா?"

"உங்கம்மாவுக்கு ஒன்னு குடு" என்றார் இவர். "நா வாங்கிட்டேன்."

"எப்பப்பா வாங்குனீங்க? இப்பத்தான உங்ககிட்ட வரேன்."

இவர் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரவணன் என்னைப் பார்த்தான். வார்டில் நடந்ததில் அந்த ஒன்றை மட்டும் யாரும் அவனிடம் சொன்னதில்லை. தேன்மொழிக்கே தெரியாது.

அவன் அப்பாவின் கையில் இருந்த கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எனக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். பிறகு இன்னொன்றைக் கிழித்து, குனிந்து, அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தான். வண்டி தத்தனூர் வளைவில் சாய்ந்து திரும்பியது. அவன் கம்பியைப் பிடிக்கவில்லை. நான் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.